ஊரைக் கைவிடாதவர்கள்

ஐஃபல் கோபுரத்தையும் லூவர் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு விமானம் ஏறுபவர்களிடம் பிரான்ஸ் ஒரு கிராம நாடு என்று சொன்னால் நம்புவது கடினம்தான். அந்த நாட்டில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம், கொடி பறக்கும் ஒரு சிறு அலுவலகம். அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட ஊர்களில் 500 பேர்கூடக் கிடையாது. அந்த ஊர்களைப் பார்க்கத்தான் ஜூலை மாதத்தில் பாரிஸிலிருந்து தெற்கே கிளம்பினோம்.

வேனில் ஒன்பது பேர். பிரான்ஸில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய அதிகபட்ச வண்டி ஒன்பது இருக்கை வேன்தான், அதற்குச் சரியாக ஆள் சேர்ந்தது. நான், மனைவி, மகள், பாரிஸ் புறநகரில் வசிக்கும் என் தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் பையன், மாப்பிள்ளையின் அம்மா. பாண்டிச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், நான் அத்தை என்று கூப்பிடுவேன். மீதி இருவர் மாப்பிள்ளையின் நெடுநாள் நண்பரும் அவர் மனைவியும், எங்களுக்கு அண்ணனும் அக்காவும். யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கைச் சேர்ந்த அண்ணன், பாரிஸின் லா ஷாப்பெல் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அக்கா வறுத்து இடித்த கறித்தூளும் சிவப்பரிசி மாவும் இடியப்ப உரலும் ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பாரிஸிலிருந்து தெற்கே போகும் வேகச்சாலைகளில் பெரும்பாலும் சுங்கம் வாங்குகிறார்கள். ஆனால் வியர்ஸோன் தாண்டி ஏ20 சாலையைப் பிடித்துவிட்டால் பிரீவ் வரை காசு இல்லை. அதைவிட நல்லது அதிலிருந்தும் இறங்கி, டி என்ற எழுத்தோடு எண் போட்டிருக்கும் மாவட்டச் சாலைகளில் போவது. 2018 முதல் இந்தச் சாலைகளில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பல மாவட்டங்கள் பிறகு சில சாலைகளை மீண்டும் 90 ஆக்கிக்கொண்டன. முன்னால் டிராக்டர் போனால் 30தான். அந்த வேகத்தில்தான் எல்லாம் கண்ணில் படுகிறது: லிமூசேன் மேய்ச்சல் நிலங்களில் செம்பழுப்பு மாடுகள், தேவாலயத்தை ஒட்டிய கல்லறை, பூட்டிக் கிடக்கும் ஊர்ப்பள்ளி, ரொட்டிக் கடை மூடிப்போன ஊரில் அதன் வாசலிலேயே நிற்கும் பாகெத் இயந்திரம். காசைப் போட்டால் ரொட்டி விழுகிறது. ரொட்டி சுடுபவர் இல்லாத ஊர் பிரான்ஸில் எவ்வளவு பெரிய துக்கம் என்பதை அத்தைதான் எங்களுக்கு விளக்கினார். காலையில் ரொட்டி வாங்கப் போகும் பத்து நிமிடத்தில்தான் ஊர்ச் செய்தி கைமாறும். கடை போனால் அந்தப் பத்து நிமிடமும் போகிறது.

சில ஊர்களின் பெயர்ப்பலகைகள் தலைகீழாக மாட்டியிருந்தன. 2023 நவம்பரில் தெற்கே தார்ன் மாவட்டத்தில் விவசாயிகள் தொடங்கிய எதிர்ப்பு அது. விலை கட்டுப்படியாகவில்லை, விதிமுறைகள் பெருகிக்கொண்டே போகின்றன, எல்லாம் தலைகீழாக நடக்கிறது என்பதை ஊர்ப்பலகையைத் திருப்பி வைத்தே சொன்னார்கள். நாடு முழுவதும் பரவி, 2024 ஜனவரியில் டிராக்டர்கள் பாரிஸைச் சுற்றிய நெடுஞ்சாலைகளை மறித்தன. அந்தக் கோபம் அடங்கிய பிறகும் சில பலகைகளைத் திருப்பி மாட்ட யாரும் அவசரப்படவில்லை. குழந்தைகள் இருவரும் அவற்றைத் தலையைச் சாய்த்துப் படித்தபடி வந்தார்கள்.

லிமோஜ் நகருக்கு அருகில் ஒராதூர்-சூர்-க்ளான். இங்கே குழந்தைகளைக் கூட்டிப்போவதா என்று முந்தின இரவு வெகுநேரம் பேசினோம். 1944 ஜூன் 10 அன்று, நார்மண்டியில் நேசநாட்டுப் படைகள் இறங்கி நாலு நாள் ஆகியிருந்தபோது, ஜெர்மானிய எஸ்எஸ் படைப்பிரிவு ஒன்று இந்த ஊரைச் சூழ்ந்தது. ஆண்களைக் களஞ்சியங்களில் நிறுத்திச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். 640க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் 200க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தேவாலயத்துக்குள் இருந்தவர்களில் ஜன்னல் வழியாகக் குதித்த ஒரே ஒரு பெண் உயிர் பிழைத்தார். எரிந்த ஊரை எரிந்தபடியே விட்டுவைப்பது என்று தெ கோல் அரசு முடிவு செய்தது. புதிய ஊரைப் பக்கத்தில் கட்டினார்கள். பழைய ஊரில் டிராம் தண்டவாளம், துருப்பிடித்த கார்கள், கூரையில்லாத வீடுகளுக்குள் தையல் இயந்திரங்கள், இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன.

குழந்தைகளைக் கூட்டிப்போனோம். அண்ணன் வாசலோடு நின்றுகொண்டார். “நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் உதில நிக்கிறன்.” கூரை போன வீட்டுக்குள் மரம் முளைத்திருப்பதைப் பார்ப்பதற்காக அவர் லிமோஜ் வரை வரவேண்டியதில்லை. அக்கா உள்ளே வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அங்கே என்ன தொழில் நடந்தது என்று எழுதியிருப்பதை அத்தையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ரொட்டி சுடுபவர், கொல்லர், முடி திருத்துபவர். இடிந்த ஊரை அப்படியே காப்பதும் ஒரு வேலை. சுவர் மேலும் சரியாமல் இருக்க வருடா வருடம் கொத்தனார்கள் வந்து சுண்ணாம்புச் சாந்து பூசுகிறார்கள். நினைவைக் கைவிடாமல் இருக்க ஒரு நாடு செலவழிக்கத் தயாராக இருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை.

அதன் பிறகு எந்த ஊரில் நிறுத்தினாலும் குழந்தைகள் முதலில் தேடியது போர் நினைவுத்தூணைத்தான். தேடவே வேண்டாம், தேவாலயத்தின் அருகிலோ மேயர் அலுவலகத்தின் முன்னோ நிச்சயம் இருக்கும். முதல் உலகப்போரில் பிரான்ஸ் சுமார் 14 லட்சம் வீரர்களை இழந்தது. முப்பது வீடுகூட இல்லாத ஊரின் தூணில் ஒரே குடும்பப் பெயர் மூன்று, நான்கு தடவை வருகிறது. அண்ணன் தம்பிகளாகத்தான் இருக்க வேண்டும். பிரெஞ்சு நாட்டுப்புறம் வெறிச்சோடத் தொடங்கிய கதையின் பாதி அந்தத் தூண்களில் இருக்கிறது. போனவர்களின் நிலத்தை உழ ஆள் வரவில்லை. அத்தை ஒரு தூணின் முன்னால் நின்று, “நம்ம பாண்டிச்சேரி பீச் ரோட்டுலயும் இதே வாசகத்தோட ஒண்ணு நிக்குதுப்பா. நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் இந்த மண்ணுக்காகப் போனாங்க” என்றார்.

கொலோன்ழ்-லா-ரூழ் ஊரில் வீடு, கோபுரம், தேவாலயம் எல்லாம் சிவப்பு மணற்கல். 1982இல் இந்த ஊரின் மேயர் ஷார்ல் செராக் தொடங்கியதுதான் ‘பிரான்ஸின் மிக அழகான கிராமங்கள்’ என்ற சங்கம். மக்கள் தொகை 2,000க்குள் இருக்கவேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்பவை சேர்வதற்கான விதிகளில் சில. இன்று 170க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் உள்ளன. இடியவிருந்த எத்தனையோ வீடுகள் இந்தப் பட்டியலால் பிழைத்தன, அதை மறுக்கமுடியாது. இருந்தாலும், சோப்பும் வாசனை மெழுகுவத்தியும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்க, கொடியில் காயும் ஒரு துணியைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை. சுவரைக் காப்பாற்றிவிட்டு ஆளை இழந்துவிடும் ஆபத்து இந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத பக்கத்து ஊரில், கதவு திறந்த கொட்டகையில் ஒருவர் டிராக்டர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஊர் பிடித்தது.

பெரிகோர் பகுதியில் வெசேர் ஆற்றோரம் முழுக்கக் குகைகள். மோந்தின்யாக் ஊரின் மேலே காட்டுக்குள் 1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பையன்கள் ஒரு துளை வழியாக இறங்கிப் பார்த்ததுதான் லாஸ்கோ. 17,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எருதுகளும் குதிரைகளும் மான்களும் சுவரெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாளுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்து மூச்சுவிட்டதில் கரியமில வாயுவும் ஈரமும் ஏறி, சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963இல் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடிவிட்டார். வருமானம் கொட்டிக்கொண்டிருந்த இடத்தை மூடுவது சின்ன முடிவு அல்ல. 1983இல் அருகிலேயே ஒரு நகல், 2016இல் மலையடிவாரத்தில் முழுக் குகையையும் அச்சாக எடுத்த இன்னொரு நகல். நாங்கள் பார்த்தது இந்த இரண்டாவதை.

நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று மாப்பிள்ளை கேட்டார். உள்ளே போனதும் அவர்தான் கடைசியாக வெளியே வந்தார். பாறையின் புடைப்பையே விலங்கின் தோளாக்கி வரைந்திருக்கிறார்கள், வழிகாட்டி விளக்கைச் சாய்த்தபோது அந்தத் தோள் அசைந்தது. என் மகள் கேட்டாள், “நிஜக் குகைக்குள்ள இப்ப யாருமே இல்லையாப்பா?” ஆராய்ச்சியாளர் சிலர் அளந்து போகிறார்கள், மற்றபடி இருட்டுதான். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. அசலைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு லெஸ் எய்ஸி ஊருக்கு வெளியே ஃபோன்-தெ-கோம் குகை இருக்கிறது. ஒரு நாளில் மிகச் சிலரைத்தான் விடுகிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் குறைசொல்லாமல் வரிசையில் நிற்க நான் தயார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கிராமத்து உணவகத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், இரண்டரைக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்கட்கிழமையும் பல ஊர்களில் ஒரு கடையும் திறந்திருக்காது. அதனால் நாங்கள் ஜீத் எனப்படும் நாட்டுப்புற வாடகை வீடுகளில் தங்கினோம். விவசாயக் குடும்பங்களுக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கவும் காலியான வீடுகள் இடியாமல் இருக்கவும் 1951இல் தொடங்கிய ஏற்பாடு இது. சமையலறை உண்டு. சார்லா சந்தையில் சனிக்கிழமை காலை வாங்கிய தக்காளியும் வால்நட்டும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் அக்கா கையில் புதுப் பிறவி எடுத்தன. இடியப்பத்துக்குத் தக்காளிச் சொதி. வாத்துக் கல்லீரலுக்குப் பேர்போன ஊரில் அந்தச் சொதி வாசனை ஜன்னல் வழியே போய், வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு தட்டு அவருக்கும் போனது. மறுநாள் தன் மரத்து வால்நட் எண்ணெயை ஒரு புட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்.

அவேரோன் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் உணவு மாறுகிறது. உருளைக்கிழங்கு மசியலில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிண்டிக் கயிறாக இழுத்துப் பரிமாறும் அலிகோ. கீரையும் முட்டையும் மாவும் கலந்து கல்லில் ஊற்றும் ஃபார்சூ, நம் கீரை அடைக்குச் சொந்தக்காரி. இறைச்சி சாப்பிடாத அத்தைக்கு அங்கேதான் வயிறு நிறைந்தது, இறைச்சி சேர்க்காத ஃபார்சூவா என்று கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

கோன்க் ஊரை மலைச்சரிவில் தேட வேண்டும். ஸ்பெயினின் சாந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்ரீகர்கள் இடைக்காலம் முதல் தங்கிப்போகும் ஊர். சேந்த்-ஃபுவா தேவாலய வாசலின் மேல் 12ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், சில இடங்களில் பழைய வண்ணம்கூட மிச்சம். 1837இல் அரசின் நினைவுச்சின்ன ஆய்வாளராக வந்த எழுத்தாளர் ப்ராஸ்பெர் மெரிமே இடியும் நிலையில் இருந்த இந்தத் தேவாலயத்தைக் காப்பாற்றச் சொல்லி எழுதினார். ஒரு அதிகாரியின் அறிக்கை ஒரு ஊரை நிறுத்திவைத்தது. உள்ளே போனால் ஜன்னல்களில் வண்ணமே இல்லை. பக்கத்து ரொதேஸ் நகரில் பிறந்த ஓவியர் பியேர் சூலாழ் 1994இல் முடித்த 104 கண்ணாடிகள் அவை. ஒளியை வடிகட்டுகின்றன, ஆனால் வெளியே எதையும் காட்டுவதில்லை. காலையில் நீலச் சாயல், மாலையில் வெதுவெதுப்பான மஞ்சள். கருப்பு ஓவியங்களுக்குப் பேர்போன அந்த மனிதர் சிறுவயதில் நேசித்த கட்டடத்துக்குத் தந்தது வெறும் வெளிச்சம். மாலை வரை நாங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

மியோ நகரின் வான்பாலம் 2004 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2,460 மீட்டர் நீளம், உச்சி 343 மீட்டர். ஏ75 சாலையில் ஏறக்குறைய இந்த ஒரு பாலத்துக்குத்தான் சுங்கம். அதன் மேல் ஓட்டிப்போனால் ஒன்றும் தெரியாது. கீழே தார்ன் ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கவேண்டும்.

பாலத்துக்குத் தெற்கே லார்சாக் பீடபூமி. பயணம் முழுவதிலும் நான் திரும்பத் திரும்ப நினைப்பது இந்த இடத்தைத்தான். 800 மீட்டர் உயரத்தில் சுண்ணாம்புக் கல் வெளி. மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, பாறை வெடிப்புகளில் இறங்கிப் போய்விடும். அதனால் ஆடுகளுக்குத் தண்ணீர் நிற்க வட்டமாகக் கல் பாவிய குட்டைகளைப் பழங்காலத்தவர்கள் கட்டினார்கள். லா கூவெர்த்துவாராத் என்ற கோட்டை ஊரின் மதிலுக்கு வெளியே ஒன்று இன்னும் அழகாக இருக்கிறது. இங்கே மேயும் லாகோன் இன ஆடுகளின் பாலில்தான் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். சற்றுத் தள்ளி கொம்பாலூ மலைச்சரிவில், பாறைப் பிளவுகள் வழியே ஈரக் குளிர்காற்று வீசும் நிலவறைகளில்தான் அது நீலம் பூக்கிறது. தயாராகக் குறைந்தது 90 நாள். வேறெங்கும் பழுத்ததற்கு அந்தப் பெயர் கூடாது என்பது 1925ஆம் ஆண்டுச் சட்டம்.

1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே, இங்கே இருந்த ராணுவ முகாமைச் சுமார் 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிவாக்கப் போவதாக அறிவித்தார். கல்லும் முள்ளும் தவிர ஒன்றும் இல்லாத வெளிதானே என்பது பாரிஸின் கணக்கு. விவசாயிகள் பெரும்பாலும் பக்திமிக்க கத்தோலிக்கர்கள், போராட்டம் பழகாதவர்கள். 1972 மார்ச்சில் 103 பேர் நிலத்தை ராணுவத்துக்கு விற்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு உண்ணாவிரதம் நடந்தது. இருந்தவர் லான்ஸா தெல் வாஸ்தோ, இத்தாலியில் பிறந்தவர். 1930களில் வார்தாவுக்குப் போய் காந்தியோடு தங்கி, சாந்திதாஸ் என்ற பெயரை அவரிடமிருந்து பெற்றுத் திரும்பியவர். எழுபது வயதில் பதினைந்து நாள் பட்டினி கிடந்தார். எந்த ஒடுக்குமுறைக்கும் வன்முறையால் பதில் சொல்வதில்லை என்ற உறுதி லார்சாக் விவசாயிகளிடம் ஊன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதன் பிறகு பத்து வருடம். 1972இல் ஐஃபல் கோபுரத்தின் கீழே ஆடுகளை ஓட்டிவந்து மேயவிட்டார்கள். 1973இல் டிராக்டர்களில் பாரிஸை நோக்கிக் கிளம்பினார்கள். அனுமதி வாங்காமல் லா பிளாக்கியேர் என்ற இடத்தில் கல்லால் ஒரு பெரிய ஆட்டுக்கொட்டகை கட்டினார்கள். ராணுவத்துக்கு எதிர்ப்பாகத் தங்கள் வரியில் 3 சதவீதத்தைப் பிடித்துக்கொண்ட ஆயிரக்கணக்கான குடிமக்கள் அந்தப் பணத்தை இந்தக் கல்லுக்கு அனுப்பினார்கள். 1978இல் பாரிஸ் வரை 710 கிலோமீட்டர் நடந்தார்கள். 1981இல் மித்தெரான் குடியரசுத் தலைவரானதும் விரிவாக்கத்தை ரத்து செய்தார். லான்ஸா தெல் வாஸ்தோ அதைப் பார்க்கவில்லை, அந்த வருடம் ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரி ஒரு ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். போராட்டக் காலத்தில் மியோவில் சிறுமி. அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் போனவர். இரவு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம், அத்தை இரு பக்கமும் மொழிபெயர்த்தார். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் அவர் முதலில் சொன்ன பெயர் காந்தி.

அண்ணன் அதுவரை அதிகம் பேசவில்லை. “அப்ப ஆமி கேட்ட காணிய, ஆமிக்குக் குடுக்காமலே விட்டுட்டாங்களோ?” என்று கேட்டார். அத்தை பிரெஞ்சில் கேட்டார். ஆமாம், முகாம் பழைய அளவிலேயே இன்றும் இருக்கிறது, வெளிநாட்டு லெஜியன் படைப்பிரிவு ஒன்று அங்கே உண்டு, மற்றது விவசாயிகளிடம் என்றார் அவர். அண்ணன் தன் கதையைச் சொன்னார். “எங்கட காணி எட்டுப் பரப்பு. செம்பாட்டு மண். வெங்காயமும் புகையிலையும். தொண்ணூறில வெளிக்கிட்டது. உயர்பாதுகாப்பு வலயம் எண்டு வேலி போட்டவங்கள். சனத்துக்கு ஒரு பகுதிய விட்டுட்டாங்கள், எங்கடய இன்னும் விடேல்ல. உறுதி என்னட்ட இருக்கு, காணி அவங்களிட்ட இருக்கு.” அத்தை இதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வீட்டுக்காரி எத்தனை வருடம் என்று கேட்டார். முப்பத்துநாலு என்றார் அண்ணன்.

பிறகு இருவரும் பேசியது முழுக்க நில விவகாரம். பத்து வருடத்தில் ராணுவம் சிலரிடம் காசு கொடுத்து வாங்கிவிட்டிருந்த நிலம் என்னவானது என்று அண்ணன் கேட்டார். அதுதான் லார்சாக்கின் இரண்டாவது வெற்றி. வெளியே இந்தக் கதை அதிகம் தெரியாது. சுமார் 6,300 ஹெக்டேர். அரசு அதைத் திரும்ப விற்கவில்லை. 1980களின் நடுவில் விவசாயிகளே சேர்ந்து அமைத்த ஒரு சங்கத்துக்கு நீண்ட கால குத்தகைக்குக் கொடுத்தது. பிறகு அதை 2083 வரை நீட்டித்தார்கள். சங்கம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. உழுகிற வரைக்கும் நிலமும் வீடும் உங்களுடையது. ஓய்வு பெறும் நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது, விற்க முடியாது, நகரத்துக்காரனின் கோடை விடுமுறை வீடாக மாற்ற முடியாது. சுற்றிலும் ஊர்கள் காலியாகும்போது இந்தப் பீடபூமியில் மட்டும் விவசாயக் குடும்பங்கள் கூடியிருக்கின்றன என்றார் அவர்.

“அப்ப உறுதி ஆற்றை பேரில?” என்றார் அண்ணன்.

“அரசின் பேரில்.”

“மகன் கோவிக்கேல்லையோ?”

வீட்டுக்காரியின் மகன் தூலூஸ் நகரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் ஆடு மேய்க்கத் திரும்பி வந்திருந்தால் மற்றவர்களோடு வரிசையில் நின்று விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது அண்ணன் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்காவிடம் மெல்ல, “எங்கட பிள்ளையளும் வெங்காயம் நடப் போறதில்லத்தானே” என்றார். அக்கா, “நடாட்டிலும் காணி எங்களுக்கு வேணும்” என்றார் உடனே. இருவரும் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. லார்சாக்கின் வழி லார்சாக்குக்கு. பறிபோன காணியின் உறுதியைக் கையில் வைத்திருப்பவரிடம் போய் உடைமை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்காரியும் அப்படிச் சொல்லவில்லை. “முதலில் திரும்பக் கிடைக்கட்டும். எப்படி வைத்துக்கொள்வது என்பதை அப்புறம் நீங்கள் முடிவு செய்யுங்கள்” என்றார்.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெறுகிறார். பண்ணைக்கு ஏழு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றனவாம். மூன்றில் விண்ணப்பித்தவர்கள் விவசாயக் குடும்பத்திலிருந்தே வரவில்லை. எதைத் தேர்வது என்று சங்கம் அந்த வாரம் கூடவிருந்தது, இவருக்கும் அதில் ஒரு குரல் உண்டு. யாருக்குக் கொடுப்பீர்கள் என்று தங்கை கேட்டாள். இரண்டு சிறு குழந்தைகளோடு வரும் ஒரு ஜோடி மனதில் இருக்கிறது என்றார். கீழே ஊர்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இரண்டு பேர் சேர்ந்தால் வகுப்பை மூடுவதைத் தள்ளிப்போட மேயர் வாதாடலாம். அந்தப் பெண்ணுக்குப் பால் கறக்கத் தெரியும், கணவனுக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்கலாம் என்றார்.